குதிரை ஒப்புக்கொள்ளும் உடை

முன்பயிற்சிக் களத்தில் சௌகரியமும் நேர்த்தியும்

டிரெஸாஜ் எனப்படும் ஐரோப்பியக் குதிரையேற்றக் கலையின் உச்சப் படியாகிய ‘கிராண்ட் ப்ரீ’ நிகழ்ச்சி, 60 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள மணற்களத்தில், ஏறத்தாழ 6 நிமிஷங்களில் நடந்து முடிந்துவிடுகிறது. அந்த ஆறு நிமிஷத்துக்கென்றே தைத்த வால்கோட்டும், வெண்ணிறக் கால்சராயும், முகம் தெரியும்படி துடைத்த பூட்ஸும் புகைப்படங்களில் பதிந்து உலகமெங்கும் சஞ்சரிக்கின்றன. ஆனால் அதற்குச் சற்று முன்னர், அரங்கத்துக்குப் பின்புறம், ஜனங்களின் கண்ணுக்கு அதிகம் படாத வேறொரு களத்தில், அதே குதிரையும் அதே மனிதரும் அரை மணி அல்லது முக்கால் மணி நேரம் வட்டமிட்டு, நின்று, நடந்து, ஓடி, ஒருவரையொருவர் தயார் செய்துகொள்ளும் வேலையை யாரும் படம் பிடிப்பதில்லை. உள்ளபடி பார்த்தால், சவாரி செய்வோரின் வாழ்நாளில் பெரும்பகுதி அந்த இரண்டாவது களத்தில்தான் கழிகிறது. ஆகவே சவாரி உடையைப் பற்றி ஆலோசிக்க வேண்டுமானால், மேடைக்குரிய அலங்காரத்தை விட்டு, இந்த முன்பயிற்சிக் களத்திலிருந்தே தொடங்குவதுதான் நியாயம்.

சௌகரியமான உடை வேறு, நேர்த்தியான உடை வேறு என்று பிரித்துப் பேசுவது நம்மிடையே வழக்கம். வீட்டில் இருக்கும்போது தளர்வாக உடுத்துகிறோம்; சபைக்குப் போகும்போது சிறிது கஷ்டத்தைப் பொறுத்துக்கொண்டேனும் விறைப்பாக உடுத்துகிறோம். குதிரையின் முதுகில் ஏறியவுடன் இந்தப் பேதம் மறைந்துவிடுகிறது. ஏனெனில் அங்கே உடையைப் பரிசோதிப்பவர் நடுவர் மட்டுமல்லர். மனிதருடைய தொடையின் சிறு அசைவையும், விரலின் சிறு இறுக்கத்தையும் தன் தோலாலும் வாயாலும் உணரும் ஒரு ஜீவன், ஒவ்வொரு கணமும் அதைப் பரிசோதித்துக்கொண்டே இருக்கிறது. ஓர் ஈ வந்து உட்கார்ந்தாலும் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்க்கச் செய்யவல்ல பிராணிக்கு, சுருங்கி மடிந்த துணியால் சவாரி செய்பவர் படும் அவஸ்தை தெரியாமற் போகுமா? உறுத்தும் உடையை அணிந்தவர் நெளிகிறார். நெளிகிறவரின் பாரம் ஒரு பக்கம் சாய்கிறது. பாரம் சாய்ந்ததும் குதிரையின் நடையும் கோணலாகிவிடுகிறது.

அரை மணிக்குள் மாறும் சரீரம்

முன்பயிற்சியின் காரியம் இன்னதென்று அறிந்தால்தான் அதற்குரிய உடையும் விளங்கும். இரவெல்லாம் லாயத்தில் நின்ற குதிரையின் இருதயம், ஓய்வில், நிமிஷத்துக்கு 28 முதல் 44 முறைதான் துடிக்கிறது; கடுமையான ஓட்டத்தில் அதே இருதயம் 220 துடிப்புகளையும் தாண்டிச் செல்லும். அத்துடன் குதிரையின் மண்ணீரல், சிவப்பு ரத்த அணுக்களைப் பெருமளவில் சேமித்து வைத்திருந்து, உழைப்பு நேரும்போது சுருங்கி, அவற்றை ரத்த ஓட்டத்தில் கலந்துவிடும் விசேஷ சக்தி வாய்ந்தது. மூட்டுகளிலுள்ள வழவழப்பான திரவம் அசைவினால்தான் நன்றாகப் பரவுகிறது. தசைகளும் சூடேறிய பிறகே முழுமையாக நீள்கின்றன. இவையெல்லாம் அவசரமின்றி, படிப்படியாக நிகழ வேண்டுமென்பதற்காகவே, அனுபவசாலிகள் முதல் பத்து நிமிஷம் கடிவாள வாரைத் தளரவிட்டு நடக்கச் செய்கிறார்கள். பிறகு பெரிய வட்டங்களில் ட்ராட் எனும் துள்ளோட்டம். அதன்பின் வலப்புறமும் இடப்புறமும் மாற்றி மாற்றிக் கேன்டர் எனும் மிதமான பாய்ச்சல். பின்னரே நுட்பமான பாடங்கள்.

இந்த வரிசை குதிரைக்கு மட்டும் உரியதன்று. மேலே இருப்பவரின் சரீரத்தையும் அது அதே வேகத்தில் மாற்றுகிறது. முதல் பத்து நிமிஷம் அவர் ஏறக்குறையச் சும்மா உட்கார்ந்திருக்கிறார். ஜெர்மனியிலோ இங்கிலாந்திலோ குளிர்காலத்துக் காலைவேளையாயின் விரல்கள் விறைத்துப் போகும். இருபது நிமிஷம் சென்றபின், ட்ராட்டின் ஒவ்வோர் எழுச்சிக்கும் தம் இடுப்பைத் தூக்கித் தாழ்த்தி, வயிற்றுத் தசைகளால் உடலை நிறுத்தி வைத்திருக்கும் அதே மனிதரின் முதுகில் வியர்வை வழிகிறது. அரை மணி நேரத்துக்குள் இரண்டு பருவங்களைக் கடக்கும் சரீரத்துக்கு ஒரே கனத்த கோட்டு எப்படிப் பொருந்தும்? ஆதலால்தான், தேர்ந்தவர்கள் அடுக்கடுக்காக உடுத்துகிறார்கள்: உடம்பை ஒட்டி, ஈரத்தை வெளியேற்றும் மெல்லிய சட்டை, அதன்மேல் கம்பளி அல்லது ஃப்ளீஸ் மேற்சட்டை, அதற்கும் மேல், மார்பையும் முதுகையும் காத்துக் கைகளைச் சுயேச்சையாக விடும் கையில்லாத உடுப்பு. ஒவ்வொன்றும் முன்புறம் ஜிப் வைத்ததாக இருப்பது முக்கியம்; தலைக்கவசம் அணிந்தவர் சட்டையைத் தலைவழியே கழற்ற முடியாது; சேணத்தின்மேல் இருந்தபடி அதற்கு முயல்வது ஆபத்தும்கூட.

தேவை பெற்ற அழகு

சவாரிக்கென்று மனிதன் உடையைத் திருத்திக்கொண்ட வரலாறு மிகப் பழமையானது. சீனத்தின் மேற்குப் பகுதியில், துர்ஃபான் வட்டாரத்து யாங்ஹாய் கல்லறைகளில் கிடைத்த கம்பளிக் கால்சராய்கள் ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. இன்றுவரை கிடைத்துள்ள கால்சராய்களில் மிகப் பழையவற்றுள் சேர்ந்தவை. துணியை வெட்டித் தைக்காமல், தறியிலேயே உருவம் அமைத்து நெய்த அந்த உடையில், இரு கால்களுக்கும் நடுவே அகலமான ஒரு துண்டு தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. கால்களை விரித்து உட்கார்வோருக்குத் துணி இழுபடக் கூடாதென்ற கருணை அந்தத் துண்டில் தெரிகிறது. கி.மு. 307-இல், சீனத்து ஜாவ் நாட்டு அரசன் வூலிங், புல்வெளி நாடோடிகளின் குதிரைப்படைக்கு எதிர்நிற்க வேண்டித் தன் வீரர்களின் நீண்ட அங்கிகளைக் களைந்து, அந்த நாடோடிகளின் குட்டைச் சட்டையையும் கால்சராயையும் அணியும்படி ஆணையிட்டான். அரசவையில் பெரியோர் பலர் அதைக் கௌரவக் குறைவென்று எதிர்த்தனர். அரசனோ தானே அதை அணிந்து வழிகாட்டினான்.

நம் தேசத்தின் பெயரொன்றும் இந்த வரலாற்றில் ஸ்திரமாக இடம்பெற்றிருக்கிறது. ஜோத்பூர் ராஜ்யத்தின் நிர்வாகியாகவும் ரீஜென்ட்டாகவும் விளங்கிய சர் பிரதாப் சிங், போலோ ஆட்டத்தில் வல்லவர். எழுபதை நெருங்கிய வயதிலும் முதல் உலகப் போருக்காகப் பிரான்ஸ் முனைக்குச் சென்ற வீரர். விக்டோரியா மகாராணியின் வைர விழா நடந்த 1897-இல் அவர் இங்கிலாந்து சென்றபோது, அவரும் அவருடைய ஆட்டக்காரர்களும் அணிந்திருந்த கால்சராய் அங்குள்ளவர் கண்ணைக் கவர்ந்தது. இடுப்பிலும் தொடையிலும் தாராளமாகப் பருத்து, முழங்காலிலிருந்து கணுக்கால்வரை சுடிதார்போல் ஒட்டிப் பிடித்த அந்த உடை, விரைவில் லண்டன் தையற்காரர்களின் கைக்கு வந்து, ‘ஜோத்பூர்ஸ்’ என்ற நாமத்தோடு உலகமெங்கும் பரவிற்று. அந்தப் பருமன் வெறும் பகட்டுக்காக ஏற்பட்டதன்று. நெகிழாத துணியில், கால் விரியவும் முழங்கால் மடங்கவும் அவ்வளவு இடம் தேவைப்பட்டது. அதே சமயம் முழங்காலுக்குக் கீழே ஒரு மடிப்பு விழுந்தாலும், அது சேணத்து வாருக்கும் சதைக்கும் இடையே அகப்பட்டுத் தோலை உரித்துவிடும்.

1958-இல் அமெரிக்காவின் டியூபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற ரசாயன நிபுணர், இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் ஸ்பான்டெக்ஸ் இழையை உருவாக்கினார். அவ்விழை கலந்த துணி சவாரி உடைக்கு வந்ததும் தொடைப் பருமனுக்கு அவசியமில்லாமற் போயிற்று. பிரீச்சஸ் எனப்படும் இன்றைய சவாரிக் கால்சராய் உடம்பின் வடிவையே தன் வடிவாகக் கொண்டது. தேவை மாறியபோது அழகும் மாறிக்கொண்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

ஆடம்பரம் என்று நாம் நினைக்கும் பல சின்னங்களின் கதையும் இதுவே. கோட்டின் பின்புறப் பிளவு, சேணத்தின் இருபுறமும் துணி தடையின்றி விழுவதற்காக ஏற்பட்டது. கழுத்தில் சுற்றும் வெண்துணி, வேட்டைக்களத்தில் மனிதருக்கோ குதிரைக்கோ காயம் ஏற்பட்டால் கட்டுத்துணியாக உதவியது. அதில் குத்தும் ஊசியைக் குறுக்காகவே குத்த வேண்டுமென்ற சம்பிரதாயம், விழும்போது அது மார்பில் பாயாதிருக்கும் பொருட்டு வந்தது.

காலிலிருந்து கைவரை

இனி, முன்பயிற்சிக்குரிய உடையைக் கீழிருந்து மேலாகப் பார்ப்போம். முதலிற் பாதம். சவாரிக்குரிய பூட்ஸில் ஏறக்குறைய 2½ சென்டிமீட்டர் உயரமுள்ள குதிகால் இருப்பது, பாதம் அங்கவடிக்குள் வழுக்கிப் புகுந்து சிக்கிக்கொள்ளாதபடி தடுப்பதற்கே. விழுந்தவரைக் குதிரை இழுத்துச் செல்லும் கொடூர விபத்துக்கு இந்தச் சிறு குதிகால் ஒரு காவல். ஓட்டப் பயிற்சிக்குரிய ரப்பர்ச் செருப்பு எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் இந்த இடத்துக்கு ஆகாது. முழங்கால்வரை உயர்ந்த தோல் பூட்ஸ் புதிதாக வாங்குகிறவர், அது கணுக்காலில் மடிந்து பழகிச் சற்றே இறங்கும் என்பதை உத்தேசித்து, தொடக்கத்தில் முழங்காலின் பின்புறத்தை லேசாகத் தொடும் உயரத்தில் வாங்க வேண்டும். கடையில் கச்சிதமாக இருந்த ஜோடி, ஒரு மாதத்தில் குட்டையாகிவிடும். தினசரிப் பயிற்சிக்கு, கணுக்கால்வரையுள்ள குட்டைப் பூட்ஸும், கெண்டைக்காலைச் சுற்றிக் கட்டும் தோலுறையும் போதும். செலவும் குறைவு, கழற்றி மாட்டுவதும் எளிது.

அடுத்தது கால்சராய். முழங்காலின் உட்புறத்தில் மட்டும் ஒட்டுத்தோல் வைத்த வகை, அடிக்கடி எழுந்து அமரும் தாண்டல் சவாரிக்கும், இருக்கை முழுவதும் ஒட்டுத்தோலோ சிலிகான் பிடிப்போ வைத்த வகை, சேணத்தில் ஆழ்ந்து அமரும் டிரெஸாஜுக்கும் உகந்தது. பிடிப்பு அதிகமாக இருந்தால் எல்லாம் நலம் என்று கருதலாகாது. புதிதாகக் கற்பவர் சேணத்தில் ஒட்டிக்கொண்டால், தம் நிலையைத் திருத்திக்கொள்ள முடியாமல் தவறான இடத்திலேயே நிலைத்துவிடுவார். தொடையின் உட்புறத்தில் தடித்த தையல் ஓடாத கால்சராயைத் தேர்ந்து, கடையிலேயே ஒருமுறை குந்தி உட்கார்ந்து, ஒரு காலை இடுப்பளவு உயர்த்தி, சேணத்தில் ஏறுவதுபோல் பாவனை செய்து பார்ப்பது உத்தமம்; நின்ற கோலத்தில் கண்ணாடி காட்டும் அழகு இந்த விஷயத்தில் நம்பத்தக்கதன்று. உள்ளாடையும் தையல் உறுத்தாததாக இருக்க வேண்டுமென்பதைச் சொல்லத் தயங்குவோர் உண்டு; ஆயினும் சவாரியில் உண்டாகும் புண்களிற் பல அங்கேதான் பிறக்கின்றன.

போட்டி நாளில் வெண்ணிறக் கால்சராயைக் காப்பது தனிப் பிரயாசை. குதிரையின் வாய் நுரை, புல் தின்ற பச்சைக் கறை, களத்தின் புழுதி ஆகிய மூன்றும் முன்பயிற்சியிலேயே வந்து சேர்ந்துவிடும். இருபுறமும் இடுப்பிலிருந்து கணுக்கால்வரை ஜிப் வைத்த மேற்கால்சராயை அதன்மேல் அணிந்து, இறுதிச் சில நிமிஷங்களில், பூட்ஸைக்கூடக் கழற்றாமல் அதை உருவிவிடுவது இக்காலத்து வழக்கம். களத்து வாசலில் ஈரத்துணியோடு காத்திருக்கும் உதவியாளர் பூட்ஸையும் குதிரையின் வாயோரத்தையும் துடைத்துவிட்டுக் கோட்டை நீட்டுகிறார். சவாரிக்காரர் அதை அப்போதுதான் அணிகிறார். அதுவரை அவர் மேனியில் கழுத்துப்பட்டை வைத்த எளிய சட்டையும், வேண்டுமானால் கையில்லாத உடுப்புமே இருக்கும்.

அந்தச் சட்டை எளியதாக இருக்கலாம், தொளதொளப்பாக இருத்தலாகாது. காதிலிருந்து தோள், இடுப்பு, குதிகால் ஆகியவற்றின் வழியே ஒரு நேர்கோடு இறங்க வேண்டுமென்பது டிரெஸாஜ் அமர்வின் லட்சணம். களத்தின் நடுவில் நின்று கவனிக்கும் பயிற்சியாளர் அந்தக் கோட்டைப் பார்த்தே பிழையைச் சொல்ல முடியும். காற்றில் உப்பிய மேலங்கி முதுகின் வளைவையும் முழங்கையின் விறைப்பையும் ஒருங்கே மறைத்துவிடும். சட்டையை உட்செருகி, இடைவாரைக் கட்டி, உடம்பை ஒட்டி உடுத்துவது ஒழுக்கத்துக்காக மட்டுமன்று, கற்றுக்கொள்வதற்காகவும் ஆகும்.

கையுறையின் இடம் சிறிதாயினும் பயன் பெரிது. கடிவாள வார் மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே செல்வதால், அவ்விடத்தில் இரட்டைத் தோல் வைத்த கையுறையே உழைக்கும். போட்டியில் வெண்கையுறை அணியும் வழக்கத்தில் ஒரு சங்கடம் உண்டு: கையின் ஒவ்வொரு நடுக்கத்தையும் அது தூரத்திலிருப்பவருக்கும் காட்டிக் கொடுத்துவிடும். அதே காரணத்தால், பயிற்சியில் வெண்கையுறை அணிவது நல்ல ஆசிரியனாகவும் உதவும். மோதிரம், வளையல், தொங்கும் காதணி, கழுத்தில் பறக்கும் துண்டு ஆகியவற்றை லாயத்துக்கு வெளியிலேயே விட்டு வருவது, ஆண் பெண் இருபாலார்க்கும் பொது விதி.

தலைக்கு விலக்கு இல்லை

பட்டுத்தொப்பியணிந்து டிரெஸாஜ் களத்தில் இறங்குவது நீண்டகாலக் கம்பீரச் சின்னமாக இருந்தது. ‘பயிற்சிதானே, தாண்டலும் இல்லை, வேகமும் இல்லை’ என்று தலைக்கவசத்தை அலட்சியம் செய்தோரும் அநேகர். 2008 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காகச் சவாரி செய்த கோர்ட்னி கிங்-டை, 2010 மார்ச் மாதத்தில் ஃபுளோரிடாவில் ஒரு சாதாரணப் பயிற்சியின்போது, குதிரை தன் காலிலேயே தடுக்கி விழுந்ததால் மூளையில் பலத்த காயமுற்று, வாரக்கணக்கில் நினைவின்றிக் கிடந்தார். அன்று அவர் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. பிழைத்தெழுந்த அவரே பின்னர் தலைக்கவசப் பிரசாரத்தின் முகமானார். 2012-இல் லண்டன் ஒலிம்பிக்கில் பிரிட்டனின் ஷார்லட் துஜார்டின், வலெக்ரோ என்ற குதிரையின்மேல் பட்டுத்தொப்பிக்குப் பதிலாகத் தலைக்கவசத்தோடு தோன்றி இரண்டு தங்கப் பதக்கங்களை வென்றார். கவசம் கம்பீரத்தைக் குறைக்கும் என்ற வாதம் அத்துடன் வலுவிழந்தது. சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம் 2021 முதல் டிரெஸாஜில் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கிவிட்டது.

தலைக்கவசம் புருவத்துக்குமேல் இரண்டு விரல் அளவில் சமமாக அமர்ந்து, தாடைவாரைப் பூட்டாமலே தலையை ஆட்டினாலும் நழுவாதிருக்க வேண்டும். கூந்தலை வலையிட்டுக் கழுத்தோடு தாழ முடிந்துகொள்வதே முறை. உச்சியில் கொண்டையிட்டு அதன்மேல் கவசத்தை ஏற்றினால் பொருத்தம் கெடும். ஒருமுறை பலமாக மோதிய கவசம் வெளிப்பார்வைக்கு எவ்வளவு நன்றாயிருப்பினும், உள்ளிருக்கும் நுரைப்பொருள் நசுங்கியிருக்குமாதலால், அதைத் தயக்கமின்றி மாற்றிவிட வேண்டும். வெயிலில் மூடிக் கிடக்கும் காருக்குள் அதை விட்டு வைப்பதும் கூடாது.

குதிரையின் கண்ணும் செவியும்

முன்பயிற்சிக் களத்தில் ஒரே சமயத்தில் பத்துக் குதிரைகள் பல திசைகளிற் சுற்றும். எதிரெதிரே வருவோர் இடக்கைப் பக்கம் இடக்கை வருமாறு விலகுவதும், நடப்போர் வெளிச்சுற்றைப் பிறருக்கு விட்டுக்கொடுப்பதும், உதைக்கும் சுபாவமுள்ள குதிரையின் வாலில் சிவப்பு நாடா கட்டுவதும் அங்குள்ள மரியாதைகள். உடையிலும் அப்படியொரு மரியாதை உண்டு. குதிரையின் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால், ஏறத்தாழ 350 பாகை அளவுக்குச் சுற்றுப்புறம் அதன் பார்வையில் படுகிறது. பட்டன் பூட்டாத கோட்டின் ஓரம் காற்றில் அடித்துக்கொள்வது தன் குதிரையை மட்டுமல்ல, பக்கத்துக் குதிரையையும் மிரளச் செய்யும். நிறத்தைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம்: நீலமும் மஞ்சளுமே அதற்குத் தெளிவாகத் தெரியும் வர்ணங்கள், வேட்டைக் கோட்டின் சிவப்பு மனிதர் கண்ணுக்கே சிவப்பாகத் தெரியும். அசைவும் ஒலியும்தாம் குதிரைக்கு முக்கியம். நம் செவிக்கு எட்டாத உயர்ந்த ஒலிகளும் அதற்குக் கேட்கும். சரசரக்கும் பிளாஸ்டிக் மழையங்கியையும், பையில் குலுங்கும் சாவிக் கொத்தையும், பட்டென்று பிரியும் ஒட்டுப்பட்டையையும் முன்பயிற்சி நடுவே முதன்முறையாக அறிமுகப்படுத்தாமல், லாயத்தில் நின்ற நிலையிலேயே குதிரைக்குப் பழக்கிக்கொள்வது விவேகம்.

நம்மவர்க்கு ஒரு வார்த்தை

இந்தியாவுக்கு இக்கலை இனி அந்நியமன்று. 1982 டெல்லி ஆசிய விளையாட்டுக்குப் பிறகு குதிரையேற்றத்தில் கிட்டாதிருந்த தங்கத்தை, 2023-இல் ஹாங்ஜோவில் நம் டிரெஸாஜ் குழுவினர் நால்வர் வென்று வந்தனர். பெங்களூரைச் சேர்ந்த ஃபவாத் மிர்சா டோக்கியோ ஒலிம்பிக்கில் ஈவென்டிங் எனும் குதிரையேற்றப் பிரிவின் இறுதிச் சுற்றுவரை சென்றார். சென்னையிலும் பெங்களூரிலும் சவாரி கற்கும் இளைஞர் பெருகி வருகின்றனர். அவர்களுக்கு ஐரோப்பியக் குளிர்கால அடுக்குகள் வேண்டியதில்லை. ஆனால் வெயிலுக்கு அஞ்சி அரைக்கால் சட்டையும் பனியனுமாக ஏறுவதும் தவறு. முழங்கால் தோல் உரியும், தோள் கருகும். வியர்வையை விரைவில் உலர்த்தும் மெல்லிய முழுக்கைச் சட்டை, இலேசான பிரீச்சஸ், காற்றுத் துவாரங்கள் கொண்ட தலைக்கவசம் ஆகியவை நம் சீதோஷ்ணத்துக்குப் போதுமானவை. தடித்த பருத்தித் துணி வியர்வையை உறிஞ்சித் தேக்கிக் கனத்து, நனைந்த இடத்தில் உராய்ந்து புண்ணாக்கும். கடும் வெப்பத்தில் போட்டியிலேயே கோட்டில்லாமல் சவாரி செய்ய அனுமதி அளிக்கும் விதிகள் இருக்கும்போது, பயிற்சியில் கோட்டணிந்து வருந்துவதில் ஒரு புண்ணியமும் இல்லை. முன்பயிற்சியையும் அத்தகைய நாட்களிற் குறைத்துக்கொள்வதே குதிரைக்குச் செய்யும் உபகாரம்.

பணத்தைச் செலவிடும் வரிசையையும் சொல்லி முடிப்பது பொருந்தும். முதற் செலவு தலைக்கவசம். அதைப் பிறர் உபயோகித்ததாக ஒருபோதும் வாங்கக் கூடாது. இரண்டாவது, குதிகாலுள்ள பூட்ஸ். மூன்றாவது, உட்புறத் தையல் உறுத்தாத கருநிறக் கால்சராய் இரண்டு. நான்காவது, கையுறை. தாண்டல் பழகப் போகிறவர் உடற்கவசத்தை இந்நான்கோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். போட்டிக் கோட்டு கடைசியில் வரட்டும். அதை இரவல் வாங்கினாலும் இழுக்கில்லை. இந்த வரிசையைத் தலைகீழாக்கிக் கோட்டிலிருந்து தொடங்குவோர் புகைப்படத்துக்கு உடுத்துகிறார்கள். மேற்சொன்ன வரிசைப்படி வாங்கி, அவற்றைத் தினந்தோறும் துடைத்து, துவைத்து, பொருந்துமாறு அணிகிறவர் குதிரைக்கு உடுத்துகிறார்; நேர்த்தியானவர் என்ற பெயர் அவருக்கே உரியது.